மணவறையில் கட்டி உட்கார வேண்டிய புடவை

அன்புள்ள அக்கா,

கல்லூரி நாட்களிலிருந்து உங்கள் தளத்தை வாசித்து வருகிறேன். வரும் தை மாதம் எனக்குக் கல்யாணம். மயிலாடுதுறையில் மண்டபம், காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம். இன்ஸ்டாகிராமில் மணப்பெண் அலங்காரப் படங்களாக நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. "உனக்குப் பிடிச்ச கலர்ல எடுத்துக்கம்மா" என்று அத்தை சொல்லிவிட்டார்கள். எனக்கு வெளிர் ரோஜா நிற டிஷ்யூ பட்டில் ஆசை. அம்மா அரக்கைத் தவிர வேறு எதையும் காதில் வாங்க மாட்டேன் என்கிறார். மேக்கப் போடும் பெண்ணைப் பார்க்கப் போனோம். "ரெண்டு ஷேடு தூக்கிக் காட்டிடலாம், கவலைப்படாதீங்க" என்றார். நான் நல்ல கறுப்பு. ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அப்பா 30 பவுன் கணக்குப் போட்டுக் கடன் வாங்கத் தயாராக இருக்கிறார். அம்மாவின் கூறைப்புடவை பீரோவில் இருக்கிறது, 1994-ல் எடுத்தது. அதை ஏதாவது ஒரு வேளைக்குக் கட்டலாமா? எதிலிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

ர., சென்னை

அன்புள்ள ர.,

வாழ்த்துகள். முதலில் அந்தப் படங்களைப் பற்றி. அவற்றில் பெரும்பாலானவை ஷூட்டுக்காக எடுக்கப்பட்டவை. ஜன்னலோரம் அரைமணி நேரம் நின்று, முந்தானையை ஒருவர் பிடிக்க, விசிறியை ஒருவர் போட எடுப்பது. அந்தப் பெண் ஓமத்துக்கு முன்னால் சம்மணமிட்டு உட்காரவில்லை. பெரியவர்கள் காலில் ஐம்பது முறை விழுந்து எழவில்லை. நீங்கள் அதையெல்லாம் செய்யப் போகிறீர்கள். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, பந்தி முடிந்து புடவை மாற்றும் வரை. அந்த நேரத்தில் உங்கள் உடம்பு சௌகரியமாக இருக்க என்ன வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். புடவை, ரவிக்கை, சடை, நகை எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்யலாம்.

தை மாதத்தில் உங்கள் பக்கம் சூரியன் ஆறரை மணிக்கு மேல்தான் உதிக்கும். ஆகவே மேடைக்கு நீங்கள் வரும்போது இருப்பது மண்டபத்து விளக்குகளும் வீடியோக்காரரின் வெள்ளை விளக்கும்தான். வெளிர் ரோஜா அந்த வெளிச்சத்தில் நிறமிழந்து வெள்ளைக்குப் பக்கத்தில் போய்விடும். டிஷ்யூ என்றால் குறுக்கே ஓடும் ஊடைநூல் முழுக்கச் சரிகை. விறைப்பாக நிற்கும், மடித்து உட்கார்ந்து எழுந்தால் கசங்கிய கோடு அப்படியே தங்கும். அப்புறம் மாலை. வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். ரோஜா இதழின் சாயம் அந்த ஈரத்தோடு தோளில் இறங்கும். மேலே விழும் அட்சதையில் மஞ்சள், நெற்றியில் குங்குமம், கையில் நெய். அரக்கு இத்தனையையும் தாங்கிக்கொள்ளும். உங்கள் அம்மா வழக்கம் என்றுதான் சொல்லியிருப்பார், ஆனால் அந்த வழக்கத்துக்குள் இந்தக் காரியக் கணக்கும் இருக்கிறது.

அரக்கு ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை, கிளிப்பச்சையில் குங்குமச் சிவப்பு, நாவல்பழ நிறம், மயில்கழுத்து. இவையெல்லாம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அள்ளிக்கொண்டு போகும் நிறங்கள். உங்களுக்கு அந்த வெளிர் ரோஜாவில் மனசு கிடக்கிறது என்றால் அதை வரவேற்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் 'பேஸ்டல்' என்று கேட்காமல் வெங்காயத்தோல் நிறம் என்று கேளுங்கள். காஞ்சிபுரத்தில் பழைய நிறம் அது. வெளிறிப்போகாத ரோஜா. நின்றுகொண்டு கைகுலுக்கும் நிகழ்ச்சிக்கு டிஷ்யூவும் சரிதான்.

இனி கூறை எடுக்கும்போது பார்க்க வேண்டியது. காஞ்சிபுரம் போனாலும் சரி, பக்கத்திலேயே கும்பகோணத்தை ஒட்டிய திருபுவனத்தில் எடுத்தாலும் சரி, புடவையைத் திருப்பிப் போட்டு உள்பக்கத்தைப் பாருங்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்து, ஒன்றின் நிறம் மற்றதில் கொஞ்சமும் கலக்காமல் இருந்தால் அது கோர்வை. ஊடைநூலைக் குறுக்கே கொண்டு போகும் கட்டைக்கு நாடா என்று பெயர். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா என்று மூன்று நாடா ஓட்டி, தறியில் நெய்பவரோடு பக்கத்தில் இன்னொருவரும் உட்கார்ந்து செய்யும் வேலை. உடலும் கரையும் கைகோர்க்கும் இடத்தில் விரலை வைத்தால் மெல்லிய வரப்பு தட்டுப்படும். அந்த இடம்தான் எனக்குப் புடவையிலேயே மிகப் பிடித்த இடம். எத்தனை புடவையில் தொட்டுப் பார்த்தாலும் ஆசை தீராது. உடலின் நிறம் கரைக்குள்ளும் ஓடி, கரை இரண்டு நிறம் கலந்தாற்போல மின்னினால் அது கோர்வை இல்லை. அதுவும் அழகாக இருக்கலாம், ஆனால் கோர்வை விலை கொடுக்கக் கூடாது.

சரிகையைக் கேட்டு வாங்குங்கள். அசல் சரிகை என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் ஏற்றியது. அதோடு வெள்ளி குறைந்த அரைச்சரிகை, போலிச் சரிகை எல்லாம் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். சில்க் மார்க் சீட்டு பட்டுக்குத்தான் உத்தரவாதம், சரிகைக்கு இல்லை. கைத்தறிக்குத் தனி முத்திரை உண்டு. இதையெல்லாம் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார் என்று நினைக்காதீர்கள், நல்ல கடையில் கேட்பவரைத்தான் மதிப்பார்கள்.

எடையையும் கவனியுங்கள். சரிகை நிறைந்த முகூர்த்தப் பட்டு ஒரு கிலோவைத் தொடும். கடையில் தோளில் போட்டுக் கண்ணாடி பார்ப்பது போதாது. கட்டச் சொல்லுங்கள், அப்புறம் தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். கடையில் அதற்குத்தான் மெத்தை விரித்திருக்கிறார்கள். உட்கார்ந்து முன்னால் குனிந்தால் கொசுவம் வயிற்றில் முட்டுகிறதா, எழும்போது கால் தடுக்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

யாரும் சொல்லித்தராத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்தில் பெண் முதலில் ஒரு புடவையோடு மேடைக்கு வருவாள். பிறகு கூறையைத் தட்டில் வைத்துப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்துக் கையில் கொடுப்பார்கள். உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் தாலி. அந்த மாற்றத்துக்குக் கிடைப்பது கால்மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம். வெளியே "நேரமாச்சு, நேரமாச்சு" என்று குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். தலையில் பூச்சடையும் ராக்கொடியும் குத்தியாயிற்று. அந்த நிலையில் ரவிக்கையையும் மாற்றுவது என்றால் பெரும்பாடு. முதல் புடவைக்கும் கூறைக்கும் பொருந்தும் ஒரே ரவிக்கையாகத் தைத்துவிடுங்கள். முடியாது என்றால் இரண்டுமே முன்பக்கக் கொக்கி வைத்தவையாக இருக்கட்டும். பின்பக்கம் கயிறு கட்டும் ரவிக்கையை முகூர்த்தத்துக்கு வைக்கவே வேண்டாம். கூறையிலிருந்து ரவிக்கைத் துண்டை வெட்டித் தைக்க, ஃபால்ஸ் அடிக்க, முந்தி முடிச்சுப் போட நாள் ஆகும். ஆகவே புடவையை முன்கூட்டியே வாங்கி வந்துவிடுங்கள், பிறகு மாப்பிள்ளை வீட்டுத் தட்டுக்குத் திரும்பப் போகட்டும். இப்போது கொசுவத்தை முன்னதாகவே மடித்து இஸ்திரி போட்டுத் தருகிறார்கள். அப்படி மடித்த கூறையையே தட்டில் வைக்கலாம், சாஸ்திரிகளோ பெரியவர்களோ யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

அந்த மேக்கப் பெண் சொன்னதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு ஷேடு ஏற்றினால் முகம் ஒரு நிறம், கழுத்தும் கையும் இன்னொரு நிறம். கழுத்துக்கும் கைக்கும் சேர்த்துப் பூசினால் வியர்வையில் ரவிக்கைக் கழுத்து வெள்ளையாகும், சாம்பல் பூத்தாற்போலக் கையில் திட்டு விழும். அதெல்லாம்கூடப் போகட்டும். இருபது வருஷம் கழித்து அந்த ஆல்பத்தைப் புரட்டும் உங்கள் பிள்ளை "இது யாரு?" என்று கேட்கக் கூடாது. உங்கள் அப்பாவுக்குத் தெரிந்த முகத்தோடு அவர் உங்களைத் தாரை வார்க்கட்டும். கறுப்பு நிறத்தில் தங்கம் எப்படி ஒளிரும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நம் கோவில்களின் மூலவரைப் பாருங்கள்.

அதனால் அந்த மேக்கப் பெண்ணிடம் திரும்பிப் போனால் ஒரே நிபந்தனை வையுங்கள்: அடிப்பூச்சு என் தாடையிலும் கழுத்திலும் கரைந்து காணாமல் போக வேண்டும். சம்மதிக்கவில்லை என்றால் முன்பணம் போனாலும் பரவாயில்லை, வேறு ஆள் பாருங்கள். கறுப்பு நிறப் பெண்களுக்குச் செய்த அலங்காரப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள், ஒன்றுகூட இல்லை என்றால் அதுவே பதில். ஒத்திகை போட்டுப் பார்ப்பதை அதிகாலையில் வையுங்கள். மண்டப விளக்கு போன்ற வெள்ளை விளக்கில் ஒருமுறை, விடிந்த பிறகு வாசலில் ஒருமுறை பாருங்கள். ஓமப்புகையில் கண்ணில் தண்ணீர் வரும், மை கலையாததாக இருக்க வேண்டும். மருதாணியை இரண்டு நாள் முன்னதாக வையுங்கள், ஒன்றிரண்டு நாளில்தான் அதன் நிறம் முழுக்க ஏறும். பத்து நிமிடத்தில் கருகருவென்று பிடிக்கும் கோன்களைத் தொடாதீர்கள். அவற்றில் தலைச்சாயத்தில் போடும் ரசாயனம் இருக்கும், சிலருக்குக் கை கொப்பளித்துவிடும்.

பூ விஷயத்தில் தை மாதம் கொஞ்சம் கஷ்டம். பனியில் மல்லிகை விளைச்சல் சுருங்கும், முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். மல்லிகையால் மூடிய சடைதான் வேண்டும் என்று நிற்காதீர்கள். செவ்வந்தியும் மரிக்கொழுந்தும் அந்தப் பருவத்தில் நன்றாகக் கிடைக்கும். வாழைப்பட்டையில் பூவைத் தைத்துச் செய்யும் சடையில் மஞ்சள் செவ்வந்தியும் பச்சை மரிக்கொழுந்தும் மாறி மாறி வந்தால் அரக்குப் புடவையின் முதுகில் அவ்வளவு எடுப்பாக இருக்கும். மணம் வேறு. மல்லிகை நடுவில் ஒரு சரம் போதும்.

நகைக்கு வருகிறேன். 30 பவுன் என்றால் 240 கிராம். பவுன் விலை லட்ச ரூபாயைத் தொட்ட காலத்தில் இதற்காக அப்பா கடன் வாங்கக் கூடாது என்று நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். யாராவது கேட்டு வாங்குகிறார்கள் என்றால் அது வரதட்சணை, 1961-லிருந்து சட்டப்படி குற்றம். யாரும் கேட்கவில்லை, மேடையில் நிறைவாகத் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம் என்றால் அதற்கு வழி இருக்கிறது. நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோவில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வெள்ளியில் செய்து, தங்கத் தகடு போர்த்தி, சிவப்புக் கல் பதித்தவை. நெத்திச்சுட்டி, சூரியபிரபை, சந்திரபிரபை, ராக்கொடி, ஒட்டியாணம், மேற்கையில் போடும் வங்கி என்று முழு செட்டாகக் கிடைக்கும். பரதநாட்டியத்துக்கு நகை வாடகைக்கு விடும் இடங்களில் முலாம் பூசிய செட் ஒரு நாளுக்குக் கிடைக்கிறது. ஒட்டியாணம் வாழ்நாளில் எத்தனை தடவை போடப் போகிறீர்கள்? தங்கமாக வாங்குவது நீங்கள் அலுவலகத்துக்கும் போட்டுப் போகக்கூடிய சங்கிலி, வளையல், தோடு என்ற அளவில் இருக்கட்டும். வாங்கும்போது ஒவ்வொரு நகையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். செய்கூலி, சேதாரத்தைப் பேசிக் குறைக்கலாம், கூச்சப்பட வேண்டாம்.

ஏற்பாட்டு வரிசை என்று கேட்டால், மண்டபமும் சமையலும் பேசி முடித்தாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். அடுத்தது கூறை, அதைத் தொட்டு ரவிக்கை, அதன் பிறகே நகை, பூ, மேக்கப். மேடை அலங்காரத்துக்குப் பெரிய காசு போட வேண்டாம். வாழைமரமும் தென்னங்குருத்துத் தோரணமும் மாவிலையும் உங்கள் ஊரிலேயே கிடைக்கும், அரக்குப் புடவைக்குப் பின்னால் பச்சையைப் போல எடுப்பான திரை வேறு இல்லை. கல்யாணத்தைப் பதிவு செய்ய தமிழ்நாட்டில் 90 நாள் அவகாசம். இரண்டு பேரின் அடையாள, வயதுச் சான்றுகளையும் ஓர் அழைப்பிதழையும் ஒரே உறையில் போட்டு இப்போதே யாராவது ஒருவர் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள்.

அம்மாவின் கூறைப்புடவை. கட்டலாமா என்று கேட்கிறீர்கள், கட்டாயம் கட்டுங்கள். நலங்குக்கு அதைவிடப் பொருத்தமான புடவை கிடையாது. தெருவில் "பழைய பட்டுப்புடவை வாங்குறது" என்று கூவிக்கொண்டு வருகிறவர்கள் அந்தக் காலத்துச் சரிகையில் இருக்கும் வெள்ளிக்காகத்தான் வாங்கி உருக்குகிறார்கள். உங்கள் வீட்டுப் புடவை அதற்குத் தப்பி முப்பது வருஷம் இருந்திருக்கிறது. ஆனால் ஒரே மடிப்பில் இத்தனை காலம் இருந்த பட்டு மடிப்புக் கோட்டில் இற்றிருக்கும், உதறினால் கிழியும். கட்டிலில் வேட்டியை விரித்து, அதன் மேல் வைத்து, அம்மாவும் நீங்களுமாக மெதுவாகப் பிரியுங்கள். மடிப்பு ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இற்ற இடம் சல்லடையாகத் தெரியும். அங்கே உள்பக்கம் மெல்லிய துணி வைத்துத் தைக்கச் சொல்லலாம். சரிகை கொஞ்சம் கறுத்திருந்தால் அப்படியே இருக்கட்டும், தேய்க்கக் கொடுக்க வேண்டாம். பின் குத்துவதை எல்லாம் விட்டுவிட்டு முந்தானையைச் செருகிக் கட்டுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வெயில் அடிக்கும் ஒரு நாளில் நிழலில் காற்றாடப் போட்டு, வேறு மடிப்பாக மடித்து, பிளாஸ்டிக் உறையை எறிந்துவிட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ரவிக்கை பழையது சேராது, அதற்கும் சேர்த்து இப்போதே தையற்காரரிடம் சொல்லிவிடுங்கள்.