தேவபெலத்தைச் சார்வது என்றால் பொறுப்புகளை விட்டுவிடுவதா?

பொறுப்புகளை விட வேண்டியதில்லை. அவற்றின் பலன் உங்கள் கையில் இருக்கிறது என்ற எண்ணத்தைத்தான் விட வேண்டும். எல்லாரிலும் அதிகமாய்ப் பிரயாசப்பட்டதாகச் சொல்லும் பவுல், 1 கொரிந்தியர் 15:10-இல் அதே மூச்சில் அதைக் கிருபையின் கணக்கில் எழுதிவிடுகிறார்.

ஞாயிறு பள்ளி, அசன (சபை விருந்து) வேலை, நோயாளிகளைச் சந்திப்பது ஆகிய மூன்றையும் சுமந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள்மேல் எரிந்து விழுவதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் நீங்களே தீர்மானித்த பின்பு, அதை ஆசீர்வதிக்கும்படி மட்டும் ஜெபிப்பது காரணமாக இருக்கலாம். 'அண்ணாச்சி பார்த்துக்கொள்வார்' என்று யாரோ சொன்னதும் தலையாட்டிவிடுகிற பழக்கம் வேறு நம் பக்கத்துச் சபைகளில் உண்டு.

ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள்: புதிதாக எந்த வேலை வந்தாலும், 'ஜெபித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள். அந்த ஒரு நாள் காத்திருப்பதற்கே மனம் பதறினால், இதுவரை எதன்மேல் சாய்ந்திருந்தீர்கள் என்பது விளங்கிவிடும். காத்திருப்பதால் ஊழியம் நின்றுவிடாது: டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் தவறி விழுந்தபின், 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார்; எழுதுவதை அவர் நிறுத்தவில்லை.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், 1 இராஜாக்கள் 19-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். சோர்ந்து படுத்திருந்த எலியாவுக்குத் தூதன் முதலில் காட்டியது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான்.