மகள் கையில் கொடுத்தனுப்பிய கடிதம்

கேள்வி: என் மகள் வீட்டருகே உள்ள அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். சென்ற ஆண்டு அங்கே இறுதி வகுப்பில் 20 பேர் தேர்வெழுதி 90 விழுக்காடு தேர்ச்சி. இவ்வாண்டு எழுதியவர்கள் 12 பேர்தான், தேர்ச்சியும் 83 ஆகிவிட்டது. தெருவில் பலர் பிள்ளைகளை மாற்றிவிட்டார்கள். நாங்களும் மாற்றுச் சான்றிதழ் கேட்டு மகளிடமே கடிதம் கொடுத்தனுப்பினோம். ஆசிரியை எங்களை நேரில் வரச் சொல்கிறார். போகத்தான் வேண்டுமா?

பதில்: மகளிடமே கொடுத்தனுப்பினோம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். தனக்குப் பாடம் சொல்லித் தருபவரிடம் போய், இனி உங்களிடம் படிக்கமாட்டேன் என்று தெரிவிக்கும் வேலையை ஒன்பது வயதுக் குழந்தையின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். பெற்றவர்கள் நேரில் நின்று சொல்ல வேண்டியது அது. நேரமில்லை என்று எழுதாதீர்கள், நான் ஏற்கமாட்டேன். அந்த ஆசிரியையின் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தக்க காரணம் உங்களிடம் இல்லை என்பதுதான் உண்மை.

தேர்ச்சி குறைந்ததே காரணம் என்பீர்கள். உங்கள் எண்களையே பாருங்கள். 20 பேரில் 90 விழுக்காடு என்றால் தேறியவர்கள் 18 பேர்; 12 பேரில் 83 என்றால் 10 பேர். இரண்டு ஆண்டுகளிலும் தவறியவர்கள் இருவரே. படிப்பில் முந்தி நிற்கும் பிள்ளைகளைப் பெற்றோர் வேறிடம் கொண்டுபோனாலே, கற்பித்தலில் எள்ளளவும் குறை நேராமல் விழுக்காடு இறங்கும். அதைக் காட்டி அடுத்த வீட்டாரும் கிளம்புவார்கள். மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியர் பணியிடம் கணக்கிடப்படுவதால் ஒரு பணியிடம் போகும். ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து நடத்துவார். கற்பித்தல் உண்மையிலேயே தேயத் தொடங்குவது அப்போதுதான். 1966-இல் அமெரிக்காவில் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஏறத்தாழ 6 இலட்சம் மாணவர்களை ஆராய்ந்த அறிக்கை, மதிப்பெண் வேறுபாடுகள் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியோடுதான் மிகுதியாகப் பிணைந்திருக்கின்றன என்று கண்டது. பள்ளியின் மொத்தத் தேர்ச்சியை வைத்து உங்கள் மகளின் படிப்பை எடைபோட முடியாது. அவள் சரளமாக வாசிக்கிறாளா, கணக்கில் எங்கே இடறுகிறாள் என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அங்கே மீதமிருப்பவர்களில் பலர் மாறிப் போக வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளாக இருப்பார்கள். கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் ஒவ்வொருவராக விலகிவிட்டால் அவர்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? தன் பிள்ளையை மட்டும் கரையேற்றுவது பெற்றோர் கடமையில் பாதிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாளையே இருவரும் போங்கள். மகளின் நோட்டுகளை ஆசிரியையுடன் உட்கார்ந்து புரட்டுங்கள். அடுத்த ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் இருப்பார்கள், எந்த வகுப்புகளைச் சேர்க்கப்போகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அவளுக்கு அங்கே படிப்பு ஏறவில்லை என்று தெரிந்தால் மாற்றுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஏறுகிறது என்றால் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மற்றப் பெற்றோரையும் சேர்த்து, ஆசிரியர் பணியிடத்தைக் குறைக்காதிருக்கும்படி கல்வி அதிகாரியிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள்.