பிளெண்டரில் சட்னி அரையமாட்டேன் என்கிறதே?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "வீட்டில் மூன்று பேர். மகளுக்குக் காலையில் ஸ்மூத்தி வேண்டும் என்று ஒன்பதாயிரம் ரூபாய்க்கு 1200 வாட் பிளெண்டர் வாங்கினோம். கீரையும் வாழைப்பழமும் போட்டால் வெண்ணெய் மாதிரி வருகிறது. ஆனால் அரை மூடித் தேங்காயில் சட்னி அரைத்தால் பாதி சுவரில் ஒட்டிக்கொள்கிறது, பிளேடு சும்மா சுற்றுகிறது. பழைய 750 வாட் மிக்ஸியும் இப்போதெல்லாம் திணறுகிறது. பிளெண்டரைத் திருப்பிக் கொடுக்கப் பத்து நாள் அவகாசம். மெஷின் சரியில்லையா, நான் போடும் விதம் சரியில்லையா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?"

முதலில், அந்தப் பத்து நாள் விதியை இன்றைக்கே ஒருமுறை படித்துவிடுங்கள். சமையலறைச் சாமான்களுக்குப் பல இடங்களில் பணம் திரும்பாது, வேறு பீஸ்தான் தருவார்கள். அட்டைப் பெட்டி, தெர்மகோல், வாரன்டி கார்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். சரி, இனி மெஷினுக்கு வருவோம்.

மாட்டுங்காவில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்து எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது பிளெண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி மெஷினில் ஒரு பழுதும் இருக்காது. மிக்ஸி பொருளைத் துரத்திப் பிடித்து அரைக்கும். பிளெண்டர், பொருள் தன்னிடம் வரட்டும் என்று காத்திருக்கும். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

பிளெண்டர் ஜாரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உயரமாக, மேலே அகன்று கீழே குறுகி இருக்கும். பிளேடுகளில் சில மேல்நோக்கி, சில கீழ்நோக்கி வளைந்திருக்கும். உள்ளே இருப்பது தண்ணீராக இருந்தால் அது சுவரோரம் ஏறி, நடுவில் குழி விழுந்து, மறுபடி பிளேடு மேலேயே வந்து கொட்டும். கீரையும் பழமும் அந்தச் சுழலில் திரும்பத் திரும்ப வந்து வெட்டுப்படுவதால்தான் ஸ்மூத்தி அவ்வளவு நைஸாக வருகிறது. சட்னியில் அந்தச் சுழலே உண்டாவதில்லை. பிளேடு பக்கத்தில் இருப்பதை வெட்டிச் சுவரில் அடித்துவிடுகிறது, அது அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. பிளேடைச் சுற்றி வெறும் காற்றுதான். மிக்ஸியின் சட்னி ஜாரில் சுவர் பிளேடுக்கு நெருக்கம், பிளேடு அடிப்பாகத்துக்கு நெருக்கம். எறியப்பட்டது எங்கே போகும்? திரும்பி வந்துதான் ஆகவேண்டும்.

இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். சட்னி போட்டு ஓட்டும்போது முதல் இரண்டு மூன்று விநாடி கனமான, அடித்தொண்டைச் சத்தம் வரும். அது வேலை நடக்கிற சத்தம். அப்புறம் திடீரென்று கீச்சென்று மெலிதாகி மேலே ஏறினால் பிளேடு காற்றைத்தான் வெட்டுகிறது. அதற்குமேல் எத்தனை நிமிஷம் ஓட்டினாலும் சூடுதான் மிச்சம். காலை ஆறு மணிக்கு என்றால் சொசைட்டிக்காரர்களின் சாபமும்.

மிக்ஸி என்கிற சமாசாரமே, வெளிநாட்டு மெஷின் நம் அரைப்புக்கு ஒத்துவராததிலிருந்துதான் பிறந்தது என்று சொல்லலாம். 1960களில் இதே பம்பாயில் சீமென்ஸில் எஞ்சினியராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூரின் மனைவி மாதுரி, ஜெர்மன் மெஷின் ஒன்றை வைத்து அரைத்துக்கொண்டிருந்தார். நம் அரைப்பைத் தாங்காமல் அதன் மோட்டார் எரிந்துபோனது. மாத்தூர் உட்கார்ந்து வலுவான மோட்டாரோடு உருவாக்கியதுதான் சுமீத் மிக்ஸி. அந்தக் காலத்து சுமீத்தை இன்றைக்கும் சில மாமிகள் என் கடைக்கு எடுத்துவருகிறார்கள். அதைப் பிரிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பயபக்தியே வரும்.

இனி சோதனை. வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது மெஷின் இழுக்கிற கரண்டின் கணக்கு, அரைக்கிற திறமையின் கணக்கு இல்லை. பிளேடின் வளைவும் ஜாரின் வடிவமும் சரியில்லாவிட்டால் 1200 வாட்டில் பெரும்பகுதி சத்தமாகவும் சூடாகவும்தான் போகும்.

முதலில் ஒரு தண்ணீர்க் கணக்கு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அளவுக் குவளையால் ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பிளேடின் மேல் நுனி முழுகும்போது நிறுத்தி, எத்தனை மில்லி என்று குறித்துக்கொள்ளுங்கள். மிக்ஸியின் சட்னி ஜாரிலும் இதே மாதிரி செய்யுங்கள். என் வீட்டு பிளெண்டருக்கு 280 மில்லி, சட்னி ஜாருக்கு 70 மில்லி. இந்த அளவுக்குக் கீழே எதைப் போட்டாலும் அந்த ஜார் ஒழுங்காக அரைக்காது. கெட்டியான சரக்கு என்றால் இன்னும் கூடுதலாக வேண்டும். மூன்று பேருக்கான சட்னி, தண்ணீர் சேர்த்து ஒரு டம்ளர் இருக்குமா? உங்கள் சட்னி ஏன் அரையவில்லை என்பது இந்த ஐந்து நிமிஷ வேலையிலேயே தெரிந்துவிடும். எந்த விளம்பரத்திலும் இந்த எண்ணைப் போடுவதில்லை, அது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அடுத்தது கசிவு. மேல் கோடு வரை தண்ணீர் நிரப்பி, ஜாருக்கு அடியில் ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்து, ஒரு நிமிஷம் ஓட்டுங்கள். பேப்பரில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். இன்றைக்கு ஒரு சொட்டு என்றால் ஆறு மாசத்தில் அது பிளேடின் தண்டைத் தாங்குகிற பேரிங்கைத் தின்று, ஜாரை மோட்டாரோடு இணைக்கிற கப்ளர் வழியாக மோட்டாருக்குள் இறங்கும். என் மேஜைக்கு வருகிற எரிந்த மோட்டார்களில் பல இந்த வழியாகப் போனவைதான்.

அரைப்பின் தரத்துக்கு நான் நம்புவது தேங்காய்ப்பால். மாட்டுங்கா மார்க்கெட்டில் நல்ல முற்றின தேங்காயாகப் பார்த்து வாங்கி முழுக்கத் துருவி, சரிபாதியாக எடை போட்டுப் பிரியுங்கள். ஒரு பாதி பிளெண்டரில், மறு பாதி மிக்ஸியின் பெரிய ஜாரில். இரண்டுக்கும் ஒரே அளவு வெதுவெதுப்பான தண்ணீர், பிளேடு முழுகி நிற்கிற மாதிரி, சுமார் 300 மில்லி. இரண்டுக்கும் ஒரே ஒரு நிமிஷம். ஒரே துணியில், ஒரே கையால் பிழியுங்கள். பிறகு பாலைப் பார்க்காதீர்கள், சக்கையைப் பாருங்கள். எடை குறைவாக இருக்கிற சக்கைதான் நன்றாக அரைபட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால், நல்ல மெஷினின் சக்கை நனைத்த புட்டு மாவு மாதிரி இருக்கும். சுமாரான மெஷினில் துருவல் துருவலாகவே விரலில் தட்டுப்படும். பிளெண்டர் இங்கே ஜெயிக்க வேண்டும். ஜெயிக்கவில்லை என்றால் ஒன்பதாயிரம் வீண்.

தக்காளியும் நல்ல வாத்தியார். மூன்று பச்சைத் தக்காளியை, அதாவது வேகவைக்காத பழத்தை, நான்காக நறுக்கி ஒரு நிமிஷம் ஓட்டி டீ வடிகட்டியில் ஊற்றுங்கள். சுருள் சுருளாகத் தோல் நின்றால் பிளேடு வெட்டவில்லை, கிழித்திருக்கிறது என்று அர்த்தம். சீசனில் ஆம்ரஸ் போடுவீர்கள் என்றால், முடித்தபின் பிளேடின் கழுத்தில் மாம்பழ நார் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐஸ் கட்டிச் சோதனையை எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். நம் வீட்டில் வருஷத்துக்கு எத்தனை நாள் ஐஸை உடைக்கிறோம்? பத்துக் கட்டி போட்டு பல்ஸில் விட்டு விட்டு அடித்துப் பாருங்கள், முழுக் கட்டி எதுவும் மிஞ்சாவிட்டால் போதும்.

சூட்டையும் கவனியுங்கள். நல்ல வேகமான பிளெண்டரை ஐந்தாறு நிமிஷம் விடாமல் ஓட்டினால் உரசலிலேயே சூப் ஆவி பறக்கும், அதைப் பெருமையாகவே சொல்லி விற்கிறார்கள். அதே சூடு இட்லி மாவுக்கு எமன். தோசைக்கு வேண்டுமானால் ஐஸ் தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு அரைத்து ஒப்பேற்றலாம். இட்லிக்கு உளுந்து பொங்கிப் பஞ்சாக வரவேண்டும் என்றால் மெதுவாகச் சுற்றுகிற கோயம்புத்தூர் கிரைண்டர் கல்தான். புது மோட்டாரில் முதல் நாலைந்து தடவை லேசான வார்னிஷ் வாசனை வருவது சகஜம், பயப்பட வேண்டாம். பத்தாவது தடவையும் கருகல் வாசனை வந்தால் திருப்பிக் கொடுங்கள். நடுவில் தானாக நின்றுபோனால் பதற வேண்டாம். அடியில் சிவப்புப் பொத்தான் இருந்தால், பிளக்கை எடுத்து, ஆறவிட்டு அதை அழுத்துங்கள். ஓவர்லோட் பாதுகாப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. சில மாடல்களில் ஆறினால் தானே கிளம்பும்.

ரசத்துக்கு வேகவைத்த தக்காளியைச் சூடாக ஊற்றி மூடியை இறுக்கி ஓட்டாதீர்கள். ஆவி மூடியைத் தூக்கி எறியும், முகம் வெந்துபோகும். பாதி ஜாருக்குமேல் வேண்டாம், நடு மூடியை எடுத்துவிட்டு மடித்த துணியால் மூடிக்கொண்டு, குறைந்த வேகத்தில் ஆரம்பியுங்கள்.

சாம்பார் பொடி, மிளகாய்ப் பொடி? கூடாது. உயர ஜாரில் பொடி மேலே ஏறி அங்கேயே நிற்கும், நைஸான தூசு சீலுக்குள் புகுந்து பேரிங்கை அரிக்கும். விரலி மஞ்சளை முழுசாகப் போட்டுப் பிளேடை முறித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. வருஷத்துக்கான பொடியை லால்பாக் மசாலா கல்லியில் டங்க் என்கிற உலக்கை மெஷினில் இடித்து வாங்குகிறவர்கள் புத்திசாலிகள்.

பிளக் விஷயம் ஒன்று. 1200 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஐந்து ஆம்பியர் சொச்சம், சாதாரண ஆறு ஆம்பியர் பிளக் தாங்கும். 2000 வாட் மெஷின் என்றால் தாங்காது; ஏ.சி.க்குப் போடுகிற மாதிரிப் பெரிய சாக்கெட் வேண்டும். பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் மாட்டுகிற கன்வெர்ஷன் பிளக்கை இடையில் செருகி ஓட்டுவது, அதுவும் பழைய பில்டிங் வயரிங்கில், வேண்டவே வேண்டாம். அமெரிக்காவிலிருந்து அக்கா பிள்ளை கொண்டுவந்த 120 வோல்ட் மெஷினை நேரே செருகினால் என்ன ஆகும் என்று என் கடையின் பின்பக்க அலமாரி சொல்லும்.

இனி உங்கள் முடிவு. கசிவில்லை, சக்கை லேசாக இருக்கிறது, வாசனை அடங்கிவிட்டது, மேடையில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்மூத்தி, தேங்காய்ப்பால், தக்காளி விழுது, சூப் எல்லாம் அதன் வேலை. மிக்ஸிக்குப் பதிலாக என்று நினைத்து வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மூன்று பேர் வீட்டில் அந்தக் கணக்கு கட்டி வராது. சில மாடல்களுக்குச் சின்னச் சட்னி ஜார் தனியாகக் கிடைக்கும். வாங்குவதற்கு முன் அதிலும் அந்தத் தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

திணறுகிற பழைய மிக்ஸிக்குப் பெரும்பாலும் வைத்தியம் சின்னதுதான். கல் உப்பைப் போட்டு ஓட்டினால் பிளேடு கூராகும் என்பார்கள். ஜார் சுத்தமாகும், அவ்வளவுதான். ஜாரைத் தனியே எடுத்து, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பிளேடைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் தண்டைப் பிடித்திருக்கிற புஷ் தேய்ந்திருக்கிறது. ஜாரைத் தலைகீழாக்கிக் கப்ளரின் பற்கள் மழுங்கியிருக்கிறதா பாருங்கள். ஓடும்போது காற்றுத் துவாரம் வழியாக நீலப் பொறி அதிகமாகத் தெரிந்தால், மோட்டாரின் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். புஷ், கப்ளர், பிரஷ் மூன்றையும் சேர்த்து மாற்றினாலும் பிளெண்டர் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆகாது. கடைக்குப் போகும்போது மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், சட்னி ஜாரையும் எடுத்துக்கொண்டு போங்கள். பாதிப் பேர் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து, இரண்டாம் தடவை அலைகிறார்கள்.