சைக்கிளில் டெல்டா: வாசகர் கேள்வி – பதில்

டெல்டா முழுக்கத் தட்டையான பூமிதானே? நான் ஊட்டி மலையில் ஏறிப் பழகியவன். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போய் அன்றைக்கே திரும்பிவிடலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

போய்ச் சேரலாம். திரும்பும்போதுதான் தெரியும். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேலே. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவுதான் சரிவு. மேடு கிடையாது, சரி. இறக்கமும் கிடையாது என்பதை மலைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். இங்கே மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். மணிக்கணக்கில் ஒரே மாதிரி உட்கார்ந்து மிதிப்பதால் தொடை வலிக்கும் முன்பே சீட்டு வலியும் உள்ளங்கை மரத்துப்போவதும் வந்துவிடும். இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து நின்று மிதியுங்கள். ஹேண்டில்பாரில் கை வைக்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

உங்கள் மலை இங்கே காற்றாக வரும். ஆனி, ஆடி, ஆவணியில் மேல்காற்று அடிக்கும். கிழக்கே போகும்போது யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல இருக்கும். அதே காற்றை எதிர்த்து 80 கிலோமீட்டர் திரும்புவது தண்டனை. தை, மாசியில் வாடைக்காற்று, கதை தலைகீழ். ஆகவே ஆடியில் மேற்கிலிருந்து கிழக்கே, தையில் கிழக்கிலிருந்து மேற்கே என்று ஒரு வழிப் பயணமாக வைத்துக்கொண்டு, மறுவழிக்கு ரயில் ஏறுங்கள். மடக்கு சைக்கிள் என்றால் கையோடு ஏற்றலாம். முழு சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்து பிரேக் வேனில்தான் அனுப்ப வேண்டும். பெரிய ஸ்டேஷனின் பார்சல் ஆபீசில் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம்; அடைமழை. சித்திரை, வைகாசியில் அறுத்த வயலில் ஒதுங்க நிழல் இருக்காது.

மேப்பில் வெண்ணாற்றுக் கரை நெடுக ரோடு காட்டியது. மூன்று கிலோமீட்டரில் முள்காடு. எதிர்க்கரையில் நல்ல தார் ரோடு கண்ணுக்குத் தெரிகிறது, பாலம் இல்லை. கரை வழியே போகலாமா, கூடாதா? (திருச்சி வாசகி)

தாராளமாகப் போகலாம். ஆனால் கரை என்பது ஊருக்கு ஊர் போட்ட ரோடு அல்ல. தண்ணீரைத் தாங்கவும், மதகு பார்க்கும் லஸ்கர் வந்து போகவும் போட்டது. அவருக்கு வேலை இல்லாத இடத்தில் பாதை தேய்ந்து, கருவை மண்டிவிடும்.

டெல்டாவில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள், பாலத்தில் கணக்கிடுங்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊருக்குப் பாலம் சுற்றி ஐந்தாறு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். ஆறுகள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதால், கிழமேற்காகப் போவது சுலபம். தென்வடலாகப் போவதுதான் திட்டம் கேட்கும். புறப்படுவதற்கு முந்தின இரவு, போகிற வழியிலுள்ள பாலங்களின் பெயரை வரிசையாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாலத்திலும் ‘அடுத்த பாலம் வரை எந்தக் கரை?’ என்று முடிவு செய்யுங்கள். மின்கம்பமும் வீடுகளும் எந்தக் கரையோடு வருகின்றனவோ அதுதான் பெரும்பாலும் தார் உள்ள கரை. டீக்கடையில் “ரோடு நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள்; எல்லாரும் ‘இருக்கு’ என்பார்கள். “டவுன் பஸ் போகுதா?” என்று கேளுங்கள்.

ஆற்றுத் தண்ணீரைத் தடுத்துப் பிரித்துவிடும் ரெகுலேட்டர் இருக்கும் இடங்களில் ஷட்டர்களுக்கு மேலே நடைபாதை இருந்தால், பூட்டாமல் இருந்தால், சைக்கிளை உருட்டியோ தோளில் போட்டோ கடந்துவிடலாம். ஆறு காய்ந்திருக்கிறதே என்று மணலில் இறங்க வேண்டாம். சக்கரம் புதையும், மணல் அள்ளிய குழி எங்கே என்று மேலிருந்து தெரியாது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. நடுவில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, நேற்றுக் காய்ந்து கிடந்த ஆற்றில் இன்று தண்ணீர் ஓடும்.

இரவு மழை பெய்திருந்தால் மறுநாள் கரைப்பக்கமே போகாதீர்கள். களிமண் டயரில் அப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இறுகிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். அந்த நேரத்தில் பலம் காட்டி மிதித்தால் செயின் அறும். இறங்கி, குச்சியால் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, தார் வரும் வரை தூக்கிக்கொண்டு நடப்பதே வழி. வாய்க்காலில் கழுவிய பிறகு செயினுக்கு எண்ணெய் விட மறக்கக் கூடாது.

இந்தப் பாலக் கணக்கைப் பழக நல்ல இடம் தஞ்சாவூர் – திருவையாறு ரோடு. 13 கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்தையும் வரிசையாகக் கடப்பீர்கள். தெம்பு இருந்தால் திருவையாற்றில் அசோகா அல்வா சாப்பிட்டுவிட்டு, கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம். மொத்தம் சுமார் 50 கிலோமீட்டர். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அது போதும்.

ஒரே நாளில் நான்கு பஞ்சர். டயரை மாற்ற வேண்டுமா? (விழுப்புரம் வாசகர்)

முதலில் பழைய முள்ளைத் தேடுங்கள். கருவை முள் உள்ளே ஒடிந்து, வெளியே தெரியாமல் நிற்கும். ட்யூபை ஒட்டிப் போட்டதும் மறுபடி குத்தும். டயரின் உட்புறத்தில் துணியை வைத்துச் சுற்றி இழுத்தால் நூல் மாட்டும் இடத்தில் முள் இருக்கும். கையால் தடவாதீர்கள். சுள்ளி வெட்டிப் போட்ட கரையோரத்தில் இறங்கி உருட்டுங்கள்.

700 அளவுச் சக்கரத்துக்கு 35 அல்லது 38 மில்லிமீட்டர் அகல டயர் போதும். காற்றழுத்தம் தாரில் 55 பிஎஸ்ஐ, கரையில் 45. உங்கள் ட்யூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் கிராமத்துப் பஞ்சர் கடைப் பம்பு அதில் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அறுவடைக் காலத்தில் முள்ளை விட வைக்கோல் மோசம். ஒரு பிரி பின்சக்கரப் பல்லில் சுற்றினால் அங்கே தொங்கும் கியர் மாற்றியையே (டெரெய்லர்) முறித்துவிடும். ‘சரசர’ என்று கேட்டவுடனே நின்று எடுங்கள். ரோட்டில் காயும் நெல்லின்மேல் ஏற்றினால் சக்கரம் வழுக்கும், நெல்லுக்காரர் வாயிலும் விழ வேண்டியிருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்பதால் அவர் அவசரம் அவருக்கு. நெல்லை அள்ளிய பிறகும் ஓரத்தில் வைத்த கற்கள் அங்கேயே கிடக்கும். தை மாதத்தில் பொழுது சாய்ந்தபின் ஓட்டாமலிருக்க அது ஒன்றே போதுமான காரணம்.

வரப்பில் நடக்க ஆசை. யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா? (சென்னை வாசகி)

ஆள் தெரிந்தால் “இப்படிப் போகலாங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். புதிதாக மண் வைத்து அணைத்த வரப்பில், கேட்டாலும் கேட்காவிட்டாலும், கால் வைக்காதீர்கள். ஓரம் சரிந்தால் கட்டிய தண்ணீர் கீழ் வயலுக்குப் போய்விடும். புல் முளைத்த பழைய வரப்பு கெட்டியாக இருக்கும். ஆனால் நண்டு வளையில் கணுக்கால் இறங்கும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கையில் தடி, தட்டிக்கொண்டே நடங்கள். கண்ணாடி விரியன் உள்ள பூமி இது. கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

கும்பகோணத்தைச் சுற்றி எந்த நேரத்தில் எங்கே போவது? (மதுரை வாசகர்)

கோயில்கள் பெரும்பாலும் பகல் 12 முதல் 4 வரை நடை சாத்தியிருக்கும். காலையில் தாராசுரம் கோயில். ஆனால் அங்குள்ள காய்கறி மார்க்கெட்டில் லாரி நெரிசல் என்பதால் விடியற்காலையில் அந்தப் பக்கம் ஓட்ட வேண்டாம். உச்சிவெயிலுக்கு நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறை, இல்லாவிட்டால் திருபுவனம் பட்டுத் தறி.

குத்துவிளக்கு வாங்கினால் பயப்பட வேண்டாம், திருகிக் கழற்றலாம். அடிப்பாகத்தை ஒரு பக்கப் பையிலும், தண்டையும் தட்டையும் மறுபக்கப் பையிலும் துணி சுற்றி வையுங்கள். எடை ஒரே பக்கம் சேர்ந்தால் வண்டி இழுக்கும். கும்பகோணம் கொழுந்து வெற்றிலைக்கு வெயில் ஆகாது. ஈரத்துணியில் சுற்றி, வாழைப்பட்டையில் கட்டி, பையின் அடியில் வைக்காமல் மேலே வைத்துக்கொள்ளுங்கள்.