மழை பெய்தால் கால்வாய் சுத்தமாகிவிடுமா?

கேள்வி: எங்கள் பள்ளி நிக்கல்சன் கால்வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகள் டி.டி.எஸ். மீட்டரில் தண்ணீரைச் சோதித்தார்கள். வெயில் நாளில் 1,400 காட்டியது, மழை கொட்டிய அன்று 300. கால்வாய் சுத்தமாகிவிட்டது என்று அறிக்கை எழுதலாமா?
- அறிவியல் ஆசிரியை, கன்சால்பேட்டை, வேலூர்

பதில்: வேண்டாம் டீச்சர், அப்படி எழுதிவிடாதீர்கள். பிள்ளைகள் எடுத்த அளவில் தப்பில்லை. அந்த மீட்டர், தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்த உப்பைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். மழைத்தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அது சாக்கடையில் கலந்ததும் எண் இறங்கிவிடும். ரோட்டிலிருந்து வழித்துக்கொண்டு வந்த மண், வண்டி ஆயில், டயர் தூள், சாணி, அதிலிருக்கும் கிருமி எதையும் அது காட்டாது. உண்மையில் அன்றைக்குத்தான் இவையெல்லாம் அதிகமாக வந்திருக்கும்.

பல வாரம் காய்ந்து கிடந்த ரோட்டில் விழும் மழைதான் ரொம்ப மோசம். நம்மூர் வெயிலுக்குப் பிறகு வருகிற முதல் கோடை மழையை விட்டுவிடாதீர்கள். கால்வாயில் ஓட்டம் ஏறத் தொடங்கும்போது ஒரு தண்ணீர் சாம்பிள் எடுங்கள், மழை அடங்கும்போது ஒன்று, மறுநாள் ஒன்று. மழையில்லாத நாளிலும் அதே பாலத்தில், அதே இடத்தில் எடுத்து வைத்தால்தான் ஒப்பிட முடியும். பிள்ளைகளை ஓடும் தண்ணீரில் இறக்கவே கூடாது. பாலத்தின் மேலிருந்து பெரியவர் யாராவது கயிறு கட்டிய வாளியை விடட்டும்.

கலங்கலை அளக்கக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். இரண்டடி நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் குழாய் எடுத்து, அடியை அடைத்து, உள்ளே வெள்ளைத் தகட்டில் கறுப்பாகப் பெருக்கல் குறி போட்டு ஒட்டுங்கள். ஒரு பிள்ளை மேலிருந்து குறியைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், இன்னொரு பிள்ளை தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றட்டும். குறி மறைந்ததும் நிறுத்தி, எத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேலில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். உயரம் குறையக் குறைய கலங்கல் அதிகம். மழையன்று மீட்டரில் எண் இறங்கும், குழாயிலும் உயரம் இறங்கும். முதல் எண்ணைப் பார்த்தால் தண்ணீர் தேறிவிட்டது போலவும், இரண்டாவதைப் பார்த்தால் கெட்டுவிட்டது போலவும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்கள், பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள்.

முடிந்தால் கரைந்த ஆக்சிஜனுக்கும் ஒரு கிட் வாங்குங்கள். 30 டிகிரி சூட்டில் தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜனைத் தாங்கும். குளிக்கும் நீரில் 5-க்குக் குறையக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். அடித்து வந்த அழுக்கைத் தின்னும் பாக்டீரியா ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மறுநாளும் சாம்பிள் எடுக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது அதனால்தான்.

கிருமிக்கு மட்டும் ஆய்வகம்தான். நான் ஆய்வகத்தில் இருந்த காலத்தில் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவார்கள். அடியில் ஒட்டிய சர்க்கரையே முடிவைக் கெடுத்துவிடும். ஆய்வகத்திலேயே சுத்திகரித்த பாட்டில் கேட்டு வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டு சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த பிறகு எங்கள் கிணற்றில் உப்பு குறைந்தது. இனி அப்படி வந்தால் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாமா?
- வாசகர், காட்பாடி

பதில்: உப்பு குறைந்தது நல்ல செய்திதான் சார். ஆனால் மேலே டீச்சருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்: உப்பு வேறு, கிருமி வேறு. வெள்ளம் வடிந்ததும் கிணற்றுக்குக் குளோரின் போட்டு, கிருமிச் சோதனை முடிவு வரும்வரை கொதிக்க வைத்தே குடியுங்கள்.