கனவில் கதவைச் சாத்தியது யார்?

கேள்வி: உடல்நிலை சரியில்லாத என் அக்கா எங்களோடு இருக்கிறார். இரண்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எல்லோரும் என்னைப் பொறுமைசாலி என்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சமீபமாக ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறது. வெள்ளம் வருகிறது, நான் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திவிடுகிறேன், அக்கா வெளியே நின்று தட்டுகிறார். திறக்க மனமே வருவதில்லை. விடிந்ததும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தூக்கத்தில் ஈகோ அடங்கிவிடும், அப்போதுதான் நிஜமான மனசு வெளியே வரும்" என்கிறார் என் கணவர். நான் நிஜத்தில் இவ்வளவு கெட்டவளா? அக்காவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடவா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் உங்கள் கணவர் சொன்னதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் கனவைவிட அதுதான் உங்களை அதிகம் காயப்படுத்தியிருக்கிறது. அவர் சொல்வது உளவியல் அறிஞர் ஃபிராய்டின் கருத்து பாதி நினைவில் தங்கியது போல இருக்கிறது. ஆனால் ஃபிராய்டு அப்படிச் சொல்லவில்லை. 1900 என்று ஆண்டு போட்டு 1899 நவம்பரிலேயே வெளிவந்த தன் கனவு நூலில் அவர் சொன்னது, ஏற்கமுடியாத ஆசைகளை மறைத்துவைக்கும் மனதின் தணிக்கை தூக்கத்திலும் வேலை செய்கிறது, சற்றுத் தளர்கிறது, அவ்வளவுதான் என்று. அதனால்தான் கனவு வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது என்றார். அவர் கணக்குப்படியே பார்த்தாலும், கனவில் கண்ட காட்சியை அப்படியே எடுத்து "இதுதான் நீ" என்று யாரும் தீர்ப்பெழுத முடியாது.

சரி, உங்கள் கணவர் ஈகோ என்று சொல்லும் இந்த 'நான்' தூக்கத்தில் என்னதான் ஆகிறது? ஆழ்ந்த உறக்கத்தில் அது ஏறக்குறைய இருப்பதே இல்லை. அதைப் பற்றி யாரும் புகார் எழுதுவதும் இல்லை. தெளிவான, கதை போல நீளும் கனவுகள் பெரும்பாலும் கண்விழிகள் வேகமாக அசையும் ஆர்.இ.எம். உறக்கத்தில் வருகின்றன. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற ஆய்வாளர்கள் விவரித்த நிலை இது. பெரியவர்களின் தூக்கத்தில் ஏறக்குறைய கால்வாசி. அந்த நேரத்தில் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தால், பயத்தோடும் உணர்ச்சியோடும் தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி சுறுசுறுப்பாக இருக்கிறது. நின்று நிதானித்து எடைபோட உதவும், நெற்றிக்குப் பின்னால் உள்ள சில மூளைப் பகுதிகள் மந்தமாக இருக்கின்றன. ஆக, கனவில் வரும் 'நான்' உங்களைவிட உண்மையானவள் அல்ல, உங்களைவிடக் குறைந்தவள். பெயர் இருக்கும், பயம் இருக்கும். இரண்டு வருடம் அக்காவைப் பார்த்துக்கொண்ட நினைவு கைக்கு எட்டாது. "இரு, இது என்ன பைத்தியக்காரத்தனம்" என்று சொல்லவும் ஆள் இருக்காது.

விதிவிலக்கு உண்டு. கனவு நடக்கும்போதே "இது கனவு" என்று சிலருக்குத் தெரிந்துவிடும். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். தூங்கிக்கொண்டிருந்தவர் முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்துச் செய்தி அனுப்பினார், விழிக்காமலே. ஈகோ போனால்தான் நிஜம் வரும் என்பவர்கள் இதை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. அந்தக் கதவைத் தட்டிய அக்காவை யார் உண்டாக்கியது? நிஜ அக்கா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார். தட்டும் சத்தம், வெள்ளம், தாழ்ப்பாள், எல்லாம் உங்கள் மனம் செய்தவை. அவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு "நான் இவள்" என்கிறீர்கள். கதவைச் சாத்தியவள் நீங்கள் என்றால், வெளியே நனைந்துகொண்டு, யாராவது திறக்கமாட்டார்களா என்று தட்டியவளும் நீங்கள்தானே? இந்த இரண்டு வருடத்தில் உங்களுக்கு யார் கதவைத் திறந்தார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கனவுக்கு இதுதான் அர்த்தம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். கனவுக்கு அகராதி வைத்திருப்பவர்களை நான் நம்புவதில்லை. யோசித்துப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சுமார் 1,600 வருடங்களுக்கு முன் கிறிஸ்தவச் சிந்தனையாளர் புனித அகஸ்டினும் தன் கனவுகளைப் பார்த்து இப்படித்தான் திகைத்தார்: அந்த நேரத்தில் நான் நானாக இல்லையா? விழித்ததும் அதைத் தான் செய்யவில்லை என்று அவருக்கு ஆறுதல். ஆனாலும் தன்னிடத்தில் எப்படியோ நடந்துவிட்டதே என்று வருத்தம். உங்கள் நிலையும் அதுதான். ஆனால் உங்கள் வருத்தத்தில் அக்காவுக்காக எவ்வளவு, 'பொறுமைசாலி' என்ற உங்கள் படத்தில் கீறல் விழுந்ததற்காக எவ்வளவு? கோபித்துக்கொள்ளாதீர்கள். அடிபட்டிருப்பது பெரும்பாலும் அந்தப் படம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்நேரமும் சலிக்காதவள் என்று தன்னைப் பற்றி நம்பும் மனதுக்கு, சலிப்பை வைக்கப் பகலில் இடமே இல்லை. விழிப்பில் நாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் கனவு மறுபக்கத்தைக் காட்டி ஈடுசெய்யும் என்றார் உளவியல் அறிஞர் யுங். எல்லாக் கனவுக்கும் அது பொருந்துமா என்பது வேறு பேச்சு, உங்களுடையதற்குப் பொருந்துகிறது. அலுத்துப்போவது கெட்டகுணம் இல்லை.

கனவு தொந்தரவாகவே தொடர்ந்தால், பகலில் அதன் முடிவை நீங்களே மாற்றி, தினமும் சில நிமிடம் மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். கதவைத் திறக்கலாம், வேறொருவர் வந்து திறப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுகளுக்கு உளவியல் சிகிச்சையில் கையாளும் முறைதான் இது. ஏதாவது மாத்திரை புதிதாகத் தொடங்கியபின் கனவு வந்ததா என்றும் பாருங்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் இப்படிச் செய்யும். நீங்களாக நிறுத்தவேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்திலேயே கை கால் வீசி அடிப்பதோ எழுந்து ஓடுவதோ நடந்தால் தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள்.

அக்காவிடம் மன்னிப்பு? வேண்டாம். செய்யாத தப்புக்கு நீங்கள் மன்னிப்புக் கேட்டால், நோயில் படுத்திருப்பவருக்குத் தான் ஒரு பாரம் என்பது மட்டும்தான் காதில் விழும். வாரத்தில் ஒரு நாள் அவரை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று வீட்டில் கேளுங்கள். கனவுக்கு விளக்கம் சொல்ல நேரம் இருக்கும் உங்கள் கணவரிடமிருந்தே தொடங்கலாம்.