நகர உணவு பற்றிய கல்லூரி ஆராய்ச்சியால் அந்தப் பகுதி மக்களுக்குப் பயன் உண்டா, மாணவர்களின் ப்ராஜெக்டோடு முடிந்துவிடுமா?

பயன் உண்டு. ஆனால் என்ன ஆராய வேண்டும் என்பதை முடிவு செய்வதில் அந்தப் பகுதி மக்களுக்கு இடம் இருக்க வேண்டும். நான் அமெரிக்காவில் டெட்ராய்ட் புறநகரில் வசிக்கிறேன். நகரத்துக்குள் இருக்கும் சமூகத் தோட்டங்களுக்குச் சில சனிக்கிழமைகளில் களையெடுக்கப் போவேன். அதனால் அந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

1950-இல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18 லட்சத்துக்கு மேல். 2010-இல் அது 7 லட்சம் சொச்சம். கார் ஆலைகள் போயின, வசதியிருந்த வெள்ளையர்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள், காலிமனைகள் பெருகி நகராட்சி கைக்கு வந்தன. 2007-இல் ஃபார்மர் ஜாக் என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனத்தின் கடைகள் மூடியபோது, பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனம் ஒன்றுகூட நகர எல்லைக்குள் இல்லை. தனியார் மளிகைக் கடைகள் இருந்தன. ஆனால் கார் இல்லாத வீட்டுக்கு நல்ல காய்கறி வாங்குவதே பெரும்பாடு.

2010-இல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். பொதுச் சொத்தாகக் கிடந்த காலிமனைகள் 4,800 ஏக்கருக்கு மேல். நெருக்கமாகப் பயிரிட்டு, விளைச்சலைச் சேமித்து, குளிர்காலத்துக்கும் கூடாரம் போட்டால் நகரத்தின் காய்கறித் தேவையில் 76 சதவீதமும் பழத் தேவையில் 42 சதவீதமும் அங்கேயே விளையும் என்றார்கள். மிக நல்ல வேலை. நிலம் இருக்கிறது என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது.

அது யாருக்குக் கிடைக்கும்? 2012-இல் ஹாண்ட்ஸ் என்ற பணக்கார நிறுவனத்துக்கு சுமார் 1,500 மனைகளை, மனை ஒன்று ஏறக்குறைய 300 டாலர் என்று விற்க நகர மன்றம் ஒப்புக்கொண்டது. பக்கத்து மனையில் வருஷக்கணக்காகக் கீரை போட்டவர்களால் அதைத் தங்கள் பெயருக்கு வாங்க முடியாமல் இருந்த ஊர் அது. ஜனங்கள் கொதித்தார்கள். எவ்வளவு விளையும் என்பதை மட்டும் கேட்கும் ஆய்வு இந்த இடத்தில் கைகொடுக்காது.

யாருக்கு என்ற கேள்வியை முன்னால் வைத்தவர்கள் மாலிக் யாகினி போன்ற உள்ளூர்க் கறுப்பின மக்கள். 2006-இல் அவர்கள் தங்களுக்கென ஒரு உணவுப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். ரூஜ் பூங்காவில் டி-டவுன் பண்ணை போட்டார்கள். இப்போது அது 7 ஏக்கர். நகரத்துக்கான உணவுக் கொள்கையை எழுதி, 2008-இல் மன்றத்தை ஏற்க வைத்தார்கள். அடுத்த வருஷம் உணவுக் கொள்கைக் குழு வந்தது. வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கமி பொதுகுச்சி அவர்களுடன் நின்று, நகர உணவு நிலைமை பற்றிய அறிக்கையைத் தயாரித்தார். தண்ணீரையும் வீட்டையும் சாலையையும் யோசிக்கும் நகரத் திட்டமிடல் உணவை மட்டும் ஏன் விட்டுவிடுகிறது என்று 2000-லேயே எழுதியவர் அவர். மக்கள் தேவையைச் சொன்னார்கள், பேராசிரியர் தரவைத் திரட்டிக் கொடுத்தார். கூட்டு என்றால் எனக்கு அதுதான்.

எல்லாமே கைகூடியது என்று சொல்ல மாட்டேன். தெருமுனைக் கடைகளில் காய்கறி விற்க வைக்கும் முயற்சி ஒன்றையும் பொதுகுச்சியின் துறை நடத்தியது. வாங்க ஆள் குறைந்தால் காய் வாடும், கடைக்காரருக்கு நஷ்டம். அதில் பட்ட கஷ்டங்களை அவரே எழுதி வெளியிட்டார். அப்படி எழுதுகிற ஆய்வாளரை மக்கள் நம்புவார்கள்.

இன்னொரு சிக்கலைப் பலர் யோசிப்பதில்லை. இங்கே செமஸ்டர் மே மாதத் தொடக்கத்தில் முடிகிறது. நடவு சூடுபிடிப்பதும் அப்போதுதான். மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றுவது தெருவிலிருக்கும் பாட்டி. அந்தப் பாட்டியின் உழைப்பு அறிக்கையில் "தன்னார்வலர்" என்று ஒரு சொல்லாகப் போகும், ஆராய்ச்சி மானியத்தில் அவருக்கு ஒரு பைசா வராது. இதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பொறுக்காது.

அப்புறம் என்ன ஆனது? 2020-இல் உள்ளூர் விவசாய அமைப்புகள் சேர்ந்து, கறுப்பின விவசாயிகள் மனை வாங்க ஒரு நிதி திரட்டத் தொடங்கின. 2024-இல் யாகினியின் அமைப்பு வருஷக்கணக்காக உழைத்து உருவாக்கிய கூட்டுறவு மளிகைக் கடை உட்வர்ட் அவென்யூவில் திறந்தது. 200 டாலர் கட்டிய மிச்சிகன்வாசிகள் அதில் பங்குதாரர்கள். முதலில் நிலத்தையும் கடையையும் பற்றிப் பேசிய மக்களே கடைசியில் அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

உங்கள் கல்லூரியில் இப்படி ஒன்றைத் தொடங்கினால், கேள்வித்தாளை அச்சடிப்பதற்கு முன்பே அந்தப் பகுதிக்குப் போய், அவர்களுக்கு என்ன தெரிந்தால் உதவும் என்று கேளுங்கள். தகவல் சொல்பவர்களுக்கும் வேலை செய்பவர்களுக்கும் பட்ஜெட்டில் கூலி எழுதுங்கள். அறிக்கையை அவர்கள் மொழியில் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். விடுமுறையில் யார் வருவார்கள் என்பதையும் முதல் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.